டைமிங் தாலி

எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருடங்களாக ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. கெட்ட வார்த்தை ஒன்றுமில்லை. தாலி.

கழுத்தில் கட்டுகிற தாலியைச் சொல்லலாம். காருக்குள் சுற்றுகிற தாலியைத்தான் சொல்லக்கூடாது. மலாயில் தாலி என்றால் கயிறு. துணிக்கொடியும் தாலி, இடுப்புவாரும் தாலி, எஞ்சினில் ஓடும் பெல்ட்டும் தாலி. கிள்ளானில் எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் ஃபேன் பெல்ட் 'தாலி கிப்பாஸ்' தான். இந்த நாட்டில் பிறந்த தமிழர்களுக்கு இரண்டு தாலியும் ஒரே நாக்கில் புரளும். எது எந்தத் தாலி என்று குழம்புவதில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

அன்று என் வீட்டுக்காரர் கோலாலம்பூரிலிருந்து வேலை முடிந்து வரும் வழியில் ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. ஹைவே ஓரத்தில் நின்று வீட்டுக்கு ஃபோன் போட்டார். எடுத்தது அவருடைய அம்மா, என் அத்தை. லோரி இரைச்சலுக்கு நடுவே அவர் கத்தியிருக்கிறார்: "அம்மா, தாலி அறுந்திருச்சு! அவகிட்ட சொல்லிடு!" அதோடு ஃபோனில் பேட்டரி தீர்ந்துவிட்டது.

நான் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அத்தை மாரில் அடித்துக்கொண்டு வந்தார்.

"உன் தாலி அறுந்துருச்சாம்டி!"

"யாரு சொன்னது அத்தை?"

"அவனே சொன்னான்டி!"

இப்போது சிரிப்பு வருகிறது. அன்று அந்த அரை விநாடி நானும் கத்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கைகளில் கிரீஸோடு வந்து நின்ற மகனை அத்தை ஓர் அறை விட்டார். பிறகு கற்பூரம் ஏற்றிச் சுற்றிப் போட்டார். பிறகு உத்தரவு போட்டார்: "இனிமே கார் விஷயத்துல அந்த வார்த்தைய எவனும் இந்த வீட்ல பேசக்கூடாது."

உத்தரவு கார்வரைக்கும் போனது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் இடத்தில் ஒர்க்‌ஷாப்காரர்கள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், எதை மாற்றினோம், அடுத்து எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று. அதில் 'தாலி டைமிங்' என்று எழுதி ஓர் எண் போட்டிருந்தது. எஞ்சினின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் சேர்ந்து சுற்ற வைக்கிற பல் வைத்த ரப்பர்ப் பட்டை அது. அத்தை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஆறாவதுவரை படித்தவர். ரோமன் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். டி, ஏ, எல், ஐ. "இது இங்க எதுக்கு?" என்றார். அவர் மகன் உடனே நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டார். வார்த்தையோடு எண்ணும் போயிற்று. வெள்ளையாக ஒரு பசைத் தழும்பு மட்டும் மிஞ்சியது.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அப்படியே சாய்ந்தார். அந்தக் காரில் போட்டுக்கொண்டு நானே ஓட்டிப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம், அவ்வளவுதான். மாரடைப்பு. பதினாறாம் நாள் நடந்ததை நான் எழுதப் போவதில்லை. சொந்தக்காரப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து செய்யும் அந்தச் சடங்கைக் கண்டுபிடித்தவர் எவரோ, அவர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் உண்டு.

வளையல் போடாதே, பூ வைக்காதே, பொட்டு வைக்காதே என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போனார்கள். அலமாரியில் ஓர் அட்டை ஒட்டுப்பொட்டு மிச்சம் இருந்தது. அதற்கு ஒரு வேலை கிடைத்தது இப்படி.

அவர் போன பிறகு முதல் முறையாகக் காரை சர்வீஸுக்கு விட்டேன். நான் துறைமுகத்தில் கொள்கலன் கிடங்கு ஒன்றில் கிளார்க். வந்த பெட்டிதான் போன பெட்டியா என்று முத்திரையைப் பார்த்துச் சரிபார்ப்பது என் தொழில். அந்தப் புத்தி சும்மா இருக்குமா? காரை விடுவதற்கு முன்னால் குனிந்து கைவிட்டு, பழைய ஆயில் ஃபில்டரைத் துடைத்து, அதன் நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டினேன். சாயங்காலம் போனபோது "எல்லாம் மாத்தியாச்சு அக்கா, புது ஃபில்டர்" என்றார்கள். வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தேன். பொட்டு சுமங்கலியாக அப்படியே இருந்தது.

அன்றைக்கு இரண்டு முடிவு எடுத்தேன். இனி என் காரை நான்தான் பார்ப்பேன். இனி பொட்டும் வைப்பேன்.

ஒன்றும் தெரியாமல்தான் ஆரம்பித்தேன். ஊரே எஞ்சின் ஆயிலை 'மினியா ஹித்தாம்' என்கிறது, கறுப்பு எண்ணெய். புது ஆயில் போத்தலைத் திறந்தால் உள்ளே தேன் நிறம். கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டேன். அவர் சிரித்து முடிக்கும்வரை நின்று, எஞ்சினில் ஓடிய பிறகுதான் அது கறுக்கும் என்ற விளக்கத்தைக் கேட்டுக்கொண்டு வந்தேன். அவமானமாக இருந்தது. ஆனால் அடுத்த ஞாயிறு ஆயிலை நானே மாற்றினேன். பிறகு ஸ்பார்க் பிளக், பேட்டரி, பிரேக் பேட். ஃபோனில் வீடியோ, கையில் என் வீட்டுக்காரர் எப்போதோ வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த கார் ரிப்பேர் ஆங்கிலப் புத்தகம். எங்கள் ஃப்ளாட் பண்டமாரானில் இருக்கிறது, நான்கு மாடி, கீழே கார் நிறுத்தும் இடம். நான் அட்டையை விரித்துக் காருக்கடியில் படுத்தால் மேலே நான்கு மாடியிலும் தலைகள் எட்டிப் பார்க்கும்.

இங்கே மெக்கானிக்கைப் போமன் என்போம். எனக்கு 'பொம்பள போமன்' என்று பெயர் விழுந்தது. காப்பிக் கடையிலிருந்து வருகிற ஆண்கள் இடுப்பில் கைவைத்து நின்று, "அதை இப்படிச் செய்யக்கூடாது லா" என்பார்கள். "சரி அண்ணே, குனிஞ்சு ஒரு கை பிடிங்க" என்பேன். உடனே அவர்களுக்கு வேறு வேலை வந்துவிடும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். உலைமூடி எதற்கு, ஒரு ஸ்பேனரை நீட்டினால் போதும்.

இத்தனையும் பார்த்தேன், அந்தப் பெல்ட்டைப் பார்க்கவில்லை. அது மூடிக்குள் இருக்கும், கண்ணில் படாது. எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்ல ஸ்டிக்கரும் இல்லை.

போன வருடம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். அத்தைக்குக் கண்ணில் புரை. பிரிக்ஃபீல்ட்ஸில் டாக்டரிடம் காட்டிவிட்டு ஃபெடரல் ஹைவேயில் திரும்பிக்கொண்டிருந்தோம். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. பேசிக்கொண்டே இருந்த ஆள் திடீரென்று நிறுத்தியது போல எஞ்சின் அமைதியாகிவிட்டது. வேகம் இருக்கும்போதே ஓரம் கட்டினேன்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் அத்தை.

"நான் நிறுத்தல அத்தை. அதுவா நின்னுடுச்சு."

சாவியைத் திருப்பினால் வழக்கமான சத்தம் இல்லை. மூச்சு முட்டித் திணறுகிற அந்தத் தாளம் போய், காலியாக ஓடும் மாவரைக்கும் கல் போல விர்ரென்று சுற்றியது. இழுவை லோரியோடு வந்த மலாய்க்காரர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, என்னைச் சாவி திருப்பச் சொல்லி, உள்ளே எட்டிப் பார்த்தார். மேலே எதுவும் சுற்றவில்லை. தலையை ஆட்டினார்.

"தாலி பூத்துஸ், காக். எஞ்சின் ஹாபிஸ்."

தாலி அறுந்துவிட்டது அக்கா, எஞ்சின் முடிந்தது. ஐம்பது வருடம் பாசாரில் மலாயில் பேரம் பேசிய அத்தைக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

கிள்ளானில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இறக்கினோம். போமன் நம்ம ஆள், முப்பது வருட அனுபவம் என்று சுவரில் எழுதியே வைத்திருந்தார். போனட்டைக்கூட முழுதாகத் தூக்கவில்லை.

"அக்கா, டைமிங் தாலி அறுந்தா பிஸ்டன் வந்து வால்வுல அடிக்கும். வால்வெல்லாம் வளைஞ்சிரும். எஞ்சினே மாத்தணும். இருபத்தஞ்சு வருஷ வண்டிக்கு எவன் மாத்துவான்? தாலி அறுந்த வண்டிய வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க, பேசாம பொத்தோங் கடைக்குத் தள்ளிவிடுங்க."

பொத்தோங் கடை என்றால் காரை வெட்டிப் பாகம் பாகமாக விற்கும் இடம். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அவர் கண் என் கழுத்துக்குப் போனது, நாக்கைக் கடித்துக்கொண்டார். இதே வார்த்தையை வேறு மாதிரி மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் நேரே சொன்னதில்லை, இனி உனக்கு என்ன இருக்கிறது என்கிற அந்தக் குரலில் சொல்வார்கள்.

"திறந்து பாத்தீங்களா?" என்றேன்.

"திறக்க என்ன இருக்கு லா?"

"அப்ப எப்படித் தெரியும்?"

"முப்பது வருஷமா பாக்குறேன், அக்கா."

காரை வீட்டுக்கே இழுத்துவரச் சொன்னேன்.

என் கொழுந்தனார் ரவாங்கில் இருக்கிறார். கெட்டவர் இல்லை, அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் பதில் சொல்வது எளிது. அன்று இரவே ஃபோன் செய்தார். பொத்தோங் கடையோடு பேசிவிட்டாராம். அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு லோரி வந்து தூக்கிக்கொண்டு போகும்.

"கார் இல்லாம பண்டமாரான்ல எப்படி அண்ணி இருப்பீங்க? ஃப்ளாட்டைக் காலி பண்ணிட்டு அம்மாவும் நீங்களும் இங்க வந்துருங்க. பின்னாடி ரூம் சும்மாத்தான் கிடக்கு."

அந்த அறையை எனக்குத் தெரியும். சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில். என் வேலை காலை ஏழு மணிக்கு ஆரம்பிக்கிறது, அந்த நேரத்துக்குக் கிடங்குப் பக்கம் பஸ் கிடையாது. ரவாங்கிலிருந்து வருவதென்றால் ரயிலில் பாதி நாள் போய்விடும். கார் போனால் வேலை போகும், வேலை போனால் ஃப்ளாட் போகும், ஃப்ளாட் போனால் நான் இன்னொருவர் வீட்டில், எப்போது குளிக்கலாம் என்று கேட்டுக் குளிக்கிற ஆளாக ஆவேன். நாற்பத்தொன்பது வயதில். என்னால் முடியாது. அந்தக் காரின் மேல் எனக்குக் காதல் ஒன்றும் இல்லை. என் வாசற்கதவின் சாவி அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"அவன் சொல்றதும் சரிதானே" என்றார் அத்தை.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். டைமிங் பெல்ட் அத்தியாயத்தில் பக்கங்கள் ஒட்டியே இருந்தன, யாரும் புரட்டியதில்லை. கத்தியால் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே கீழே ஒரு வரி. இந்த வகை எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று தொடா, எஞ்சின் நின்றுபோகும், சேதம் ஆகாது.

மூன்று தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நான்காவது தடவை. எல்லா எஞ்சினும் அப்படியல்ல, அந்தப் போமன் சொன்னது நிறைய கார்களுக்குப் பொருந்தும். என் காருக்குப் பொருந்தாது. அறுந்தால் நின்றுபோகும், அவ்வளவுதான். செத்துப்போகாது. புதிதாக ஒன்றை மாட்டினால் மறுபடி ஓடும். புத்தகத்தை மூடிவிட்டு அழுதேன். எதற்கு அழுதேன் என்று அத்தை கேட்டார். கண்ணில் தூசி என்றேன்.

போமனுக்கு ஃபோன் செய்து அந்த வரியை வாசித்துக் காட்டினேன். "புஸ்தகத்துல ஆயிரம் எழுதுவான் அக்கா" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை வேலை விட்டதும் சக ஊழியர் ஒருவரின் காரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கவுண்டரில் ஒரு தமிழர், தலை நிமிராமல் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"பாஸ், ஒரு தாலி வேணும்."

"டைமிங்கா, கிப்பாஸா?"

"டைமிங்."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்து எத்தனை வருடம் ஆயிற்று. சொன்ன பிறகு ஒன்றும் ஆகவில்லை. கூரை இடிந்து விழவில்லை. காரின் மாடலைச் சொன்னேன், பெட்டியை எடுத்து வைத்தார். அதோடு பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் உருளையும் ஒன்று.

"யாரு மாட்டப் போறது?" என்றார். எந்த ஒர்க்‌ஷாப் என்று கேட்கிறார்.

"நானே கட்டிக்குவேன்" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை, கடையில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். பாவம், அவரும் ஒன்றும் புரியாமல் கூடச் சிரித்தார்.

வியாழன், வெள்ளி இரண்டு நாள் லீவு போட்டேன். ஓட்டுநர் பக்கத்துச் சக்கரத்தைக் கழற்றி, காரை இரும்புத் தாங்கியில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி அட்டையில் வரிசையாக வைத்தேன். திருகாணிகளை எது எங்கே இருந்தது என்று எழுதி ஐஸ் கட்டித் தட்டில் போட்டேன். பத்து மணிவரைக்கும் எல்லாம் நன்றாகப் போனது. பெல்ட்டின் மூடியைத் திறக்க, கீழே எஞ்சினின் பெரிய சக்கரத்தின் நடுவில் உள்ள போல்ட்டைக் கழற்ற வேண்டும். அது அசைய மறுத்தது. ஸ்பேனரைத் திருப்பினால் போல்ட்டோடு எஞ்சினும் சேர்ந்து சுற்றியது.

புத்தகம் சொன்னது: ஐந்தாம் கியரில் போட்டு, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் திருப்ப வேண்டும். இன்னொருவருக்கு நான் எங்கே போவேன்? காப்பிக் கடை ஆண்களைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கிவிடுவார்கள். மாடியை நிமிர்ந்து பார்த்தேன். அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, கொஞ்சம் கீழ வாங்க, ஒரு வேலை இருக்கு."

வந்தார், முனகிக்கொண்டே. விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு எழுபத்தாறு வயசுடி. நான் என்னைக்குக் கார் ஓட்டினேன்?"

"ஓட்ட வேணாம் அத்தை. மிதிச்சா போதும். கோவத்தோட மிதிங்க."

"யார் மேல கோவம்?"

"யார் மேலனாலும் சரி."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தார். நான் பால்கனியில் துணி காயப்போடும் இரும்புக் குழாயைக் கழற்றி வந்து ஸ்பேனரின் வாலில் சொருகி, என் முழு எடையையும் அதன் மேல் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. "இன்னும் மிதிங்க!" என்று கத்தினேன். "மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்டி!" என்று அவரும் கத்தினார். மேலே தலைகள் எட்டிப் பார்த்தன. மூன்றாவது தடவை துப்பாக்கி வெடித்தது போல் ஒரு சத்தம். நான் தரையில் விழுந்தேன்.

"என்னடி ஒடைஞ்சுச்சு?"

"ஒண்ணும் ஒடையல அத்தை, கழண்டுக்கிச்சு!"

அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன், மகன் போன பிறகு.

மூடியைக் கழற்றியதும் பழைய பெல்ட் கையோடு வந்தது. வறண்டு, வெடித்து, பல்லெல்லாம் உதிர்ந்து, காய்ந்த முருங்கைக்காய்த் தோல் மாதிரி. துடைத்து அத்தையிடம் நீட்டினேன். வாங்கி இரண்டு கையிலும் பிடித்துப் பார்த்தார்.

"இதுவா அது?"

"இதுதான்."

"எப்ப மாத்தியிருக்கணும்?"

"தெரியல. ஸ்டிக்கர்ல எழுதியிருந்துச்சு. அதைத்தான் சுரண்டியாச்சே."

அத்தை பெல்ட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நான் அன்னைக்கு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா?"

இல்லை அத்தை, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எல்லா மருமகளும் சொல்வார்கள். எனக்குக் கை முழுக்கக் கிரீஸ், முட்டியில் ரத்தம், பொய் சொல்லத் தெம்பில்லை. "அவரு மாத்தியிருப்பாரு" என்றேன். "எனக்கும் தெரிஞ்சிருக்கும்."

அத்தை அந்தப் பெல்ட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு மேலே போய்விட்டார். அன்று முழுக்க இறங்கி வரவில்லை. சொன்னதற்காக நான் வருந்தவில்லை. சொன்ன விதத்துக்காக வருந்தினேன்.

வெள்ளிக்கிழமை புது பெல்ட்டை ஏற்றினேன். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டிலும் சின்னக் குறி இருக்கும். இரண்டு குறியும் தத்தம் இடத்தில் நிற்கும்போது பெல்ட்டை மாட்ட வேண்டும். அலுவலகத்தில் எழுத்துப் பிழையை அழிக்கும் வெள்ளை மையைக் கொண்டுவந்து குறிகளில் புள்ளி வைத்தேன். மாட்டிவிட்டு, கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தால் புள்ளிகள் மறுபடி அதே இடத்துக்கு வர வேண்டும். வரவில்லை, ஒரு பல் தள்ளி நின்றது. கழற்றி மறுபடி மாட்டினேன், இந்த முறை அந்தப் பக்கம் ஒரு பல். மாலை ஐந்தரைக்கு மழை வந்து, தண்ணீர் காருக்கடியில் ஓட ஆரம்பித்தது. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் போட்டு மூடிவிட்டு மேலே போனேன். அத்தை சாப்பாடு போட்டுக் காத்திருந்தார்.

"முடிஞ்சுச்சா?"

"இல்ல. ஒரு பல்லு தள்ளி நிக்குது."

"நாளைக்கு எத்தனை மணிக்கு எந்திரிக்கணும்?" என்றார். தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார்.

சனிக்கிழமை வெளுக்கும்போதே இறங்கினேன். மூன்றாவது தடவை. பெல்ட்டின் தளர்ச்சி எல்லாம் உருளை இருக்கும் பக்கம் போகும்படி இழுத்துப் பிடித்து மாட்டினேன். இரண்டு சுற்று. வெள்ளைப் புள்ளிகள் நேருக்கு நேர் வந்து நின்றன. மறுபடி இரண்டு சுற்று. அங்கேயே. மூடி, சக்கரம், போல்ட், தாங்கி எல்லாம் பூட்டிப் பிளக்குகளை இறுக்கிக்கொண்டிருந்தபோது லோரி சத்தம் கேட்டது. மணி பத்தாகப் பத்து நிமிடம் இருந்தது. பின்னாலேயே கொழுந்தனாரின் கார்.

"அண்ணி, என்ன இது, மேலெல்லாம் கிரீஸு?" என்று ஓடி வந்தார். "எதுக்கு இந்த வேலை? சாவியக் கொடுங்க, அவங்க ஏத்திக்கட்டும்."

"ஒரு நிமிஷம்."

உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். ஓடவில்லை. ஆனால் அந்தச் சத்தம்! காலிக் கல் சுற்றுகிற சத்தம் இல்லை. சக், சக், சக் என்று ஒவ்வொரு சிலிண்டரும் மூச்சை இழுத்துப் பிடித்து விடுகிற சத்தம். வால்வு ஒன்றுகூட வளையவில்லை. முப்பது வருடப் போமன் இங்கே நின்று இதைக் கேட்டிருக்க வேண்டும்.

மறுபடி திருப்பினேன். ஓடவில்லை. மாடியில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள்.

"விடுங்க அண்ணி" என்றார் கொழுந்தனார், உண்மையான இரக்கத்தோடு. "உங்களால முடிஞ்சதப் பண்ணிட்டீங்க."

எனக்கு அந்த இரக்கம்தான் தாங்கவில்லை. இறங்கிப் போய் போனட்டுக்குள் தலையை விட்டேன். மூச்சு இருக்கிறது, பெட்ரோல் வாடை வருகிறது, அப்படியென்றால் பொறி இல்லை. பிளக்குக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டப்பாவின் பக்கத்தில் ஒரு வயர், நுனியில் சாம்பல் நிறக் கொக்கியோடு, அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் நானே கழற்றியதுதான். 'டக்' என்று மாட்டினேன். உட்கார்ந்தேன். திருப்பினேன்.

பிடித்துக்கொண்டது. முதலில் தடுமாறி, ஓர் இருமல் இருமி, சிந்தியிருந்த ஆயில் சூட்டில் பட்டு ஒரு முழம் புகை விட்டு, பிறகு சமமாக ஓட ஆரம்பித்தது. கையை ஸ்டியரிங் மேல் வைத்து அந்த அதிர்வைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்தது என்றார்களே, எதுவும் முடியவில்லை. யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இடது பக்கக் கதவு திறந்தது. அத்தை, வெளியே போகும் சேலையோடும் கைப்பையோடும், ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"அம்மா, எறங்குங்கம்மா. லோரிக்காரன் காத்துக்கிட்டிருக்கான்" என்றார் அவர் மகன் ஜன்னலில் குனிந்து. "இது எத்தனை நாளைக்கு ஓடும்?"

"தாலி கட்டியாச்சுடா" என்றார் அத்தை. "நீ லோரிய அனுப்பு."

கொழுந்தனார் ஜன்னலிலிருந்து பின்வாங்கினார். லோரிக்காரர் தமிழர்தான் போலிருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனார்.

லோரி திரும்பிப் போனதும் அத்தை இறங்கி என் பக்கமாகச் சுற்றி வந்தார். என் கதவைத் திறந்து, அந்தப் பசைத் தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு வெள்ளை ஒட்டுத்தாளையும் கறுப்பு மார்க்கர் பேனாவையும் எடுத்தார். மிளகாய்த்தூள் போத்தல்களில் பெயர் எழுதி ஒட்டுகிற தாள்.

"எழுதி ஒட்டு. இன்னைக்கு எத்தனை கிலோமீட்டரு, அடுத்தது எத்தனையில."

மீட்டரைப் பார்த்துக்கொண்டு, 'டைமிங் பெல்ட்' என்று ஆரம்பித்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அது என்ன பெல்ட்டு? அதோட பேரச் சொல்லி எழுது." தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டு போய்ப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "எனக்குக் கண்ணு தெரியல. பெருசா எழுது."